மூச்சு வாங்கிய குரல்

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

போன வாரம் செவ்வாப்பேட்டையிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். நம் மெல்லிசைக் குழுவில் இந்த வருஷம் சேர்ந்தவள். தான் பாடிப் பதிவு செய்த ஒரு பாட்டை மொபைலில் போட்டுக் காட்டினாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், குரலும் நல்ல குரல். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கே மூச்சு வாங்குகிறாய் என்று கேட்டேன். சிரித்தாள். மூச்சுச் சத்தம் கேட்க அசிங்கமாக இருக்கிறதாம்; லேப்டாப்பில் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டாளாம். இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு அமைதியாக இருப்பது அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அதன் காரணத்தை அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. உங்கள் எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன்.

மைக்கை எப்படிப் பிடிப்பது, எந்தச் சட்டை மேடை வெளிச்சத்தில் எடுபடும், இதெல்லாம் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வருவது, பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்துக் காலனி. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள் நாங்கள். தொழிற்பேட்டை வந்தது, எஸ்டேட் என்போம்; அப்பா அங்கே இரும்புக் கம்பி செய்கிற ரோலிங் மில்லுக்குப் போனார். வேலைக்குப் புதிதாக வருகிறவனிடம் அப்பா ஒன்றே ஒன்றுதான் சொல்வாராம்: “செவப்பா இருக்கற கம்பியப் பாத்து பயப்படாத, அத்த எவனும் தொட மாட்டான். கறுத்துப் போயி சும்மா கெடக்குது பாரு, அங்கதான் கைய வச்சு சுட்டுக்குவ.” சாதுவாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அது அப்பாவிடமிருந்து வந்தது.

பாட்டு எனக்கு யாரும் முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை. சர்ச்சில் பாடினேன். பிறகு ஆர்க்கெஸ்ட்ராவில் கூப்பிட்டார்கள், போனேன். நான் பேர் வாங்கியது அம்மன் பாட்டுக்கு. எங்கள் குழுவில் பம்பை அடித்த முனுசாமி அண்ணன், ஊத்துக்கோட்டைக்காரர், இதை வைத்தே என்னை ஓட்டுவார். “ஞாயித்துக்கெழம ஏசுவுக்குப் பாடற, ஆடி மாசம் அம்மனுக்குப் பாடற. மேல போனா ரெண்டு பேரும் உன்ன எந்த ரேஷன் கார்டுல சேக்கறதுன்னு அடிச்சுக்கப் போறாங்க” என்பார். அவரவர் பாட்டை அவரவருக்கு ஒழுங்காகப் பாடிவிட்டேன், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பேன்.

முதலில் ஊத்துக்கோட்டைக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவது புரிய இது வேண்டும்.

ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற விழா, நல்ல மத்தியான வெயில். எனக்கு முன்பு குழுவில் பெரிய பாடகியாக இருந்த அக்கா பாடிக்கொண்டிருந்தார். நான் கோரஸ். அம்மன் பாட்டு பாடினால் கூட்டத்தில் யாருக்காவது அருள் வரும், அது உங்களுக்கும் தெரியும். ஒரு அம்மா எழுந்து ஆட ஆரம்பித்தார். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது விழாக் குழுத் தலைவர் மேடையேறி வந்து, நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை வாசிக்க வேண்டும் என்று அக்கா கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். பம்பை நின்றது. அந்த அம்மா ஆடிய இடத்திலேயே விழுந்தார். கை ஊன்றவில்லை, முழங்கால் மடங்கவில்லை. கதவைக் கழற்றிக் கீழே போட்டது போல முகம் நேராகத் தரையில். அந்தச் சத்தம் மேடைவரை கேட்டது. தலைவர் அதற்குள் முதல் பெயரை வாசித்துவிட்டார். விழுந்த அம்மாவின் புருஷன் பெயர் அது.

பல் போனது, மூக்கு உடைந்தது. உயிர் தப்பியது தரை மண் தரையாக இருந்ததால்.

வேனில் வரும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “அருள் வந்தவங்களுக்கு ஒடம்பு அவங்க கைல இல்ல. பாட்டுதான் தாங்கிக்கினு இருக்குது. அத்த நிறுத்தாத. எறக்கி வையி. ரொம்ப தூரம் தூக்கினு வந்த கொடத்த எறக்கி வப்பல்ல, அந்த மாதிரி.”

அந்த அக்காவின் பெயரை எழுத மாட்டேன். அது அவர் கேட்டுக்கொண்டது. காலம் முழுக்க சினிமாவில் பாடிய அடுத்தவள் குரலிலேயே பாடினேன், இப்போது மட்டும் எனக்கெதற்குப் பேர் என்பார். இறக்கி வைப்பதை அவர் கற்றது கோயிலில் இல்லை, ஒரு கேசட்டில்.

ஆவடியில் அவர் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்கார அம்மா ஆங்கிலோ இந்தியர். வெளிநாட்டுக்குக் குடி போகும்போது ஒரு கேசட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஏதோ ஒரு ஊரில், ஒரு கூடத்தில், ஆட்கள் முன்னால் பாடியதை அப்படியே பிடித்து வைத்த கேசட். பாடுகிறவர் அமெரிக்கக் கறுப்பினப் பெண். என் அப்பா அம்மா எல்லாம் குழந்தைகளாக இருந்த காலத்தில் அங்கே ரேடியோவைத் திருப்பினால் அவர் குரல்தானாம். மேலே ஒட்டியிருந்த தாள் உரிந்துபோய்விட்டது. பெயர் தெரியாது. நாங்கள் ‘அமெரிக்கா அக்கா’ என்போம்.

அவர் கதையை வீட்டுக்கார அம்மா அக்காவிடம் சொல்ல, அக்கா எனக்குச் சொன்னார். அப்பா பருத்திக் காட்டில் கூலி. சிறு பெண்ணாக சர்ச்சில் பாடியவர். பெரிய நகரத்துக்கு வந்து வீட்டு வேலை செய்துகொண்டே கிளப்பில் பாடப்போய், அங்கிருந்து ரெக்கார்டு, ரேடியோ. ரெக்கார்டின் அட்டையில் அவர் முகத்தைப் போடமாட்டார்களாம். ஒரு பூவைப் போடுவார்கள், இல்லாவிட்டால் வேறு ஒரு வெள்ளைக்காரப் பெண் சாய்ந்து உட்கார்ந்திருப்பாளாம். பெரிய ஓட்டலில் பாடுவார், கை தட்டுவார்கள், ஆனால் முன்வாசல் வழியாக வரக்கூடாது. சாப்பாடு சமையலறைக்குப் பக்கத்தில். ஊர் ஊராகப் போகும்போது தங்க இடம் கொடுக்காததால் பஸ்ஸிலேயே தூங்குவார்களாம். அக்கா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாமியை நம் வாயால் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வேன் பக்கத்தில் பேப்பர் தட்டை வைத்துக்கொண்டு நாங்களும் நின்றிருக்கிறோம்.

கொஞ்ச வருஷத்தில் காலம் மாறிவிட்டதாம். கிட்டார் வைத்த பையன்கள் வந்தார்கள். அமெரிக்கா அக்காவைக் கூப்பிட ஆள் இல்லை. பிறந்த ஊருக்கே போய், பழைய சர்ச்சில் பழைய இடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்து, அப்படியே இறந்துபோனாராம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு வீட்டுக்கார அம்மா சேர்த்தது, எவ்வளவு எங்கள் அக்கா சேர்த்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் என் மகள் அந்தப் பாட்டை மொபைலுக்குக் கேட்க வைத்தாள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் பாடியவர் பெயரைச் சொல்கிற ஏற்பாடு அதில் இருக்கிறதே, அது. மொபைல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, எதுவும் கிடைக்கவில்லை என்றது.

கேசட்டின் கடைசிப் பாட்டைத்தான் அக்கா திரும்பத் திரும்பப் போடுவார். பாட்டு நடுவில் கூட்டத்தில் ஒரு பெண் வீறிட்டு அழ ஆரம்பிப்பாள். அழுகையா, அருளா, சொல்ல முடியாது. அவர்கள் சர்ச்சிலும் அப்படி வருமாம், நம்முடைய பெந்தெகொஸ்தே சபையில் வருகிற மாதிரி. அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். வேறு யாராக இருந்தாலும் அதற்கு மேலே ஏறிப் பாடியிருப்பார்கள். அமெரிக்கா அக்கா இறங்குவார். குரல் சின்னதாகும். பிறகு தூரமாகும்.

“இப்ப கேளு, மைக்க உட்டுட்டு எறங்கிப் போறா” என்பார் அக்கா. “மைக்குல பாடினா ஊருக்கே கேக்கும். அவளுக்குக் கேக்கணும்னா அவ பக்கத்துல போவணும்ல.”

உண்மையாகவே காலடிச் சத்தம் கேட்கும். மைக் இல்லாத வெறும் குரல், எங்கோ கூடத்தின் நடுவிலிருந்து. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்கும், மறைக்காமல், வாய்விட்டு. குரல் அவ்வளவு தூரத்தில் இருக்கும், மூச்சு மட்டும் நம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருக்கும். அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. வீறிடல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, அந்தப் பெண்ணும் அதே இடத்தில் மூச்சு வாங்க ஆரம்பிப்பாள். அதோடு கேசட் முடிந்துவிடும்.

அக்காவும் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு நான் வந்தேன். இனி மில்லில் நடந்தது. நான் மேடையை விட்டதற்கு முந்தின வருஷம்.

ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டில் இரண்டு மூன்று கம்பெனிகளில் பாடுவோம். அந்த வருஷம் ஒரு ரோலிங் மில்லில் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். அங்கே ஏழெட்டு மாதம் முன்பு ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி இறந்துபோயிருந்தார். சூடான கம்பி மேல் விழுகிற தண்ணீர், கம்பியிலிருந்து உரிகிற இரும்புச் செதிலை அடித்துக்கொண்டு போய் ஒரு ஆழமான குழியில் விடும். கறுப்பாக எண்ணெய் மிதக்கிற தண்ணீர். அந்தக் குழியில் விழுந்துவிட்டார். அவர் பெண்டாட்டி செல்விக்கு அதே மில்லில் கூட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். அவளும் வந்துகொண்டிருந்தாள். தினம் அந்தக் குழியைத் தாண்டித்தான் துடைப்பம் எடுக்கப் போக வேண்டும்.

இதெல்லாம் எங்களுக்கு அங்கே போய் இறங்கிய பிறகு, கேன்டீன் பெண்கள் டீ கொடுக்கும்போது சொன்னது. சொல்லும்போதே குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள். அந்தப் பக்கம் தனியாக யாரும் போவதில்லையாம். தண்ணீர் ஓடாத நேரத்தில்கூட உள்ளே ஏதோ முணுமுணுக்கிறதாம். “எலியா இருக்கும்” என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஓடுகிற மில்லைப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லாம் நிற்கும். நீளமான தகரக் கொட்டகை, நடுப்பகலிலேயே உள்ளே அரை இருட்டு. இயந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டு, உருளைகளில் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். குங்குமம் வியர்த்த மாதிரி வழிந்திருந்தது. கூரையில் புறா இறக்கை அடித்தால் கொட்டகை முழுக்கக் கேட்டது. எனக்கு அப்பா சொன்ன கறுத்த கம்பி நினைவுக்கு வந்தது.

பூஜைக்காகக் குழியின் மேல்தட்டுகளைக் கழற்றிக் கழுவக் கொடுத்திருந்தார்கள். தடுப்புக் கம்பிக்குப் பதிலாக, ஒரு கயிற்றில் மாவிலையும் சாமந்தியும் கோத்துக் கட்டியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கூட்டம் அந்தப் பக்கம் உட்காரவில்லை. எங்கள் மைக்செட் பாபுவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. கடைசியில் உட்காருகிறவர்களுக்கும் கேட்க வேண்டுமே என்று ஒரு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை எங்கே வைப்பதென்று பார்த்திருக்கிறான். காலியாக இருந்தது அந்த இடம்தான். குழிக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக வைத்துவிட்டான்.

ஹெச்.ஆர். சார் நல்ல மனிதர். பாட்டு ஆரம்பிக்கும் முன் என்னிடம் வந்து, பூஜை நல்லபடியாக நடக்க வேண்டும், ஆட்கள் மனசு கொஞ்ச நாளாகச் சரியில்லை, கடைசியில் ஒரு அம்மன் பாட்டு பாடி முடித்துவிடுங்கள், எல்லாருக்கும் தெம்பாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார்.

பாடினோம். பிள்ளையார் பாட்டு, நாலைந்து சினிமாப் பாட்டு, சீட்டு எழுதிக் கேட்ட பாட்டு. ஆட்கள் சிரித்தார்கள், விசிலடித்தார்கள். கடைசியில் அம்மன் பாட்டு. முனுசாமி அண்ணன் பம்பையை எடுத்தார். இரண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் ஆடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். பக்கத்திலிருந்த பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள், கொசுவம் அவிழ்ந்ததே தவிர அவள் நிற்கவில்லை. செல்வி என்று யாரோ கூப்பிட்டதும்தான் அவள் யாரென்று எனக்குத் தெரிந்தது.

மேடையிலிருந்து எனக்கு முழுசாகத் தெரிந்தது. அவள் போவது பாக்ஸைப் பார்த்து. என் குரல் வருகிற இடத்தைப் பார்த்து. அவளுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் அந்தக் குழி.

மாவிலைக் கயிற்றை இடுப்பாலேயே தள்ளிக்கொண்டு விளிம்புக்குப் போய் நின்றாள். அங்கே நின்று ஆட ஆரம்பித்தாள். பாதி பாதம் வெளியே. இரண்டு ஆட்கள் பிடிக்கப் போனார்கள். அவர்கள் ஒரு அடி வைத்தால் இவள் விளிம்பில் நின்றபடியே குழிப்பக்கம் சாய்ந்தாள். நின்றுவிட்டார்கள். ஹெச்.ஆர். சார் பாட்டை நிறுத்துங்கள் என்று கத்திக்கொண்டு மெயின் சுவிட்சைப் பார்த்து ஓடினார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

எனக்கு ஊத்துக்கோட்டையில் கேட்ட அந்தச் சத்தம் காதில் விழுந்தது. நிறுத்தினால் நின்ற இடத்தில் விழுவாள். நின்ற இடம் அது. நிறுத்தாவிட்டால் என் குரலே இன்னும் ஒரு அடி இழுக்கும்.

முனுசாமி அண்ணனைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பையை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார், போ என்று. பாடிக்கொண்டே படி இறங்கினேன். பாபுவைப் பார்த்து உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினேன். பாக்ஸிலிருந்து என் குரலை எடுத்துவிடு என்று எங்களுக்குள் அதற்கு அர்த்தம். கூட்டத்தைச் சுற்றி, குழிக்கு இந்தப் பக்கம், செல்விக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் போய் நின்றேன். மைக்கை அணைத்து இடுப்பில் செருகிவிட்டேன். வெறும் தொண்டையில் பாடினேன். முனுசாமி அண்ணன் பம்பையோடு என் பின்னால் வந்து நின்றார்.

அவள் திரும்பவில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது.

பாபு குரலை எடுக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, மைக்கை நானே அணைத்தது நினைவுக்கு வந்தது. சரி, தகரக் கொட்டகை, எதிரொலி என்று நினைத்தேன். என் குரல்தான். அதே பாட்டு, அதே சுருதி. வரி முடிந்தது, நான் மூச்சு வாங்கினேன். அது வாங்கவில்லை. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு அப்படியே போனது. அதற்கடுத்த வரிக்கும். மூச்சே வாங்காமல் என் குரல் குழிக்கு அந்தப் பக்கமிருந்து பாடிக்கொண்டிருந்தது. சர்ச்சில் படித்த ஜெபம் ஒன்றுகூட வரவில்லை. வாய் அம்மன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சத்தமாகப் பாடத்தான் தோன்றும். அதை அமுக்க வேண்டும், அதைவிட மேலே ஏற வேண்டும் என்று நெஞ்சு தள்ளும். பாதி வரி ஏறியும்விட்டேன். நான் ஏறியதும் அதுவும் ஏறியது. செல்வியின் குதிகால் தரையை விட்டு எழும்பியது.

அப்போதுதான் அமெரிக்கா அக்காவின் காலடிச் சத்தம் ஞாபகம் வந்தது. இறங்கினேன். குரலைச் சின்னதாக்கினேன். தாலாட்டு மாதிரி அல்ல, களைத்துப்போனவள் பாடுகிற மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் வாயைத் திறந்து, நெஞ்சு ஏறி இறங்க, கேட்கும்படி மூச்சு வாங்கினேன். முனுசாமி அண்ணன் பம்பையை விரல் நுனிக்குக் கொண்டுவந்துவிட்டார். பாட்டு, மூச்சு. பாட்டு, மூச்சு. கூட்டத்தில் ஒருத்தர்கூட இருமவில்லை.

செல்வியின் தலை லேசாகச் சாய்ந்தது. நம் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கிருந்து என்று தெரியாதபோது தலையைச் சாய்ப்போமே, அப்படி. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். இந்தப் பக்கம் கொஞ்ச நேரம். பிறகு ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தாள். நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் முழுசாகத் திரும்பினாள். கண் மூடித்தான் இருந்தது. நான் பின்னால் போகப் போக அவள் வந்துகொண்டே இருந்தாள். பெண்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளம் வரைக்கும் கூட்டி வந்தேன். அங்கே அவள் கை என் தோளில் பட்டது. முனுசாமி அண்ணன் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி, விரலைப் பம்பை மேலேயே வைத்துக்கொண்டார். நான் மெல்ல உட்கார்ந்தேன், அவள் என் மடியில் சாய்ந்தாள். அவளை இறக்கி வைத்துவிட்டோம்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வேப்பிலை, விபூதி, தண்ணீர். நான் எழுந்து பாபுவிடம் போனேன். மைக்கை நானே அணைத்தது தெரிந்தும் கோபத்தோடுதான் போனேன்.

“ஏண்டா, கொரலை எடுன்னு காட்டினேனே, அந்தப் பாக்ஸ்ல இன்னாத்துக்குடா உட்டு வச்ச?”

அவன் முகம் வெளுத்திருந்தது. “நீ படி எறங்கும்போதே எடுத்துட்டேன்க்கா. சார் வேற கத்தறாரு, பயத்துல ஒயரையே உருவிட்டேன்.” அவன் கையில் வயரின் முனை இருந்தது. இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கும் அது கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

ஹெச்.ஆர். சார் சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கடைசி நிமிஷத்தில் அதைப் போடாமல் கையை எடுத்தவர் அவர்தான். முனுசாமி அண்ணன் தலையசைத்ததைப் பார்த்துவிட்டேன் என்று சொன்னார். அப்புறம், “எக்கோம்மா, தகரம்ல” என்றார். நான் கேட்காமலே சொன்னார். இரண்டாவது தடவையும் சொன்னார்.

முனுசாமி அண்ணனிடம் கேட்டேன். பம்பைக்கு உறையை மாட்டிக்கொண்டே, “அத்த இன்னாத்துக்கு இப்ப கெளர்ற? டீ ஆறுது, குடி” என்றார். ஊத்துக்கோட்டை வரைக்கும் வேனில் அவர் என்னை ஓட்டாமல் வந்த ஒரே பயணம் அது.

சார் சொன்னதுதான் சரி என்று நானும் வைத்துக்கொள்கிறேன். தகரம் என்னென்னவோ செய்யும். மறுநாளே குழியின் தட்டுகளை வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். செல்வியைக் கேன்டீன் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். நல்லது.

இந்த வேலையில் உங்கள் முன்னால் இப்படி ஒன்று வந்து நிற்கும். மில்லாக இருக்காது, குழியாக இருக்காது. ஆனால் உங்கள் குரல் ஒருவரை எங்கேயோ கொண்டுபோய்க்கொண்டிருக்கும், நீங்கள் மேடையில் நின்று அதைப் பார்க்க வேண்டிவரும். அப்போது நிறுத்திவிட்டு ஓடாதீர்கள். இன்னும் சத்தமாகவும் பாடாதீர்கள். கிட்டே போங்கள்.

கிளம்பும் முன் செல்வியிடம் போய் உட்கார்ந்தேன். அருள் வந்து போனவர்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது, கேட்கவும் கூடாது என்பார்கள். நான் கேட்கவில்லை. காகிதக் கப்பில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். முப்பது இருக்காது. ஒரு கையால் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்:

“அந்தாண்ட ஒண்ணு கூப்டுச்சு. இந்தாண்ட ஒண்ணு கூப்டுச்சு. ரெண்டும் உன் கொரல்தான்க்கா. எது நீன்னு எனுக்குத் தெரியில. அப்புறம் நீ மூச்சு வாங்கின. அது வாங்கவேயில்ல. சரி, உசுரோட இருக்கறது இதுதான்னு வந்துட்டேன்.”

செவ்வாப்பேட்டைப் பெண்ணே, அந்தப் பாட்டில் நீ வெட்டி எடுத்த மூச்சையெல்லாம் அது அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடு. வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு வா, கேட்கிறேன்.